ஏலம் முடிந்துவிடும், சுரங்கம் எப்போது? முக்கியக் கனிமங்களில் பணம் போடுவது பற்றி

6 நவம்பர் 2025 – கேள்வி

கரூரிலிருந்து கேட்கிறேன். என் உறவினர் பங்குதாரராக இருக்கும் ஒரு சிறிய நிறுவனம், மத்திய அரசு ஏலம் விடும் கிராஃபைட் தொகுதி ஒன்றுக்கு விலை கேட்கப் போகிறது. என்னையும் 25 லட்சம் போடச் சொல்கிறார்கள். மின்கலம், காற்றாலை போன்றவற்றுக்கு வேண்டிய முக்கியக் கனிமங்களுக்கான மத்திய அரசின் இயக்கத்துக்கு 16,300 கோடி ஒதுக்கியாயிற்று, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று விலக்கும் வந்துவிட்டது, மூன்றே ஆண்டில் லாரி ஓடும் என்கிறார் உறவினர். அந்த மூன்று ஆண்டை நம்பலாமா?

6 நவம்பர், இரவு

நம்ப வேண்டாம். பணம் போடுவதா கூடாதா என்பதற்குப் பிறகு வருகிறேன். மூன்று ஆண்டு என்ற பேச்சை மட்டும் இன்றே மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

நான் சேலத்தில் சுரங்கத் திட்டம் எழுதிக்கொடுக்கும் வேலை பார்க்கிறேன். நிலவியல் படித்தவன். இருபத்தாறு ஆண்டுகளில் பாதி பாறையோடு போயிற்று, மீதி வட்டாட்சியர் அலுவலகத் திண்ணையில் போயிற்று. சர்வதேச எரிசக்தி முகமை 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2010 முதல் 2019 வரை உற்பத்திக்கு வந்த பெரிய சுரங்கங்களை எடுத்துக்கொண்டால், கண்டுபிடிப்பிலிருந்து முதல் உற்பத்தி வரை சராசரியாக 16.5 ஆண்டுகள். அதில் 12 ஆண்டுக்கு மேல் ஆய்வும் சாத்தியக்கூறு அறிக்கையும் விழுங்கிவிடுகின்றன. கட்டுமானத்துக்கு நான்கைந்து ஆண்டுதான்.

நிலத்தடி ஆய்வு எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது என்பதை ஜி-4 (ஆரம்பம்) முதல் ஜி-1 (முழுமை) வரை நிலைகளாகக் குறிப்பார்கள். அந்தத் தொகுதி ஜி-4 நிலையா, ஜி-3யா, ஜி-2வா? கேட்டு எழுதுங்கள். மற்ற எல்லாமே அதைப் பொறுத்ததுதான்.

7 நவம்பர்

ஜி-4 என்று பதில் வந்திருக்கிறது. அப்படியென்றால் விஷயம் இதுதான். யாரோ ஒரு நிலவியலாளர் அந்த மேட்டில் நடந்திருக்கிறார், சில பள்ளங்கள் தோண்டியிருக்கிறார், மாதிரி எடுத்திருக்கிறார். "இங்கே இருக்கக்கூடும்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஜி-2 வரை ஆய்வு முடிந்திருந்தால் நேரடியாகச் சுரங்கக் குத்தகைக்கு ஏலம் விடலாம். அதற்குக் கீழே இருப்பதைக் கூட்டு உரிமமாகத் தருகிறார்கள். ஏலம் எடுத்தவரே சொந்தச் செலவில் துளையிட்டு, எவ்வளவு இருக்கிறது என்று கண்டு, பிறகு குத்தகைக்கு வர வேண்டும். அதாவது உங்கள் 25 லட்சம் கனிமத்தை வாங்கப் போவதில்லை. தேடிப் பார்க்கும் உரிமையை வாங்கும். அந்த உரிமை கையில் வரும் தேதியும் இன்னும் முடிவாகவில்லை.

ஏலம் மட்டும் வேகமாக நடப்பது உண்மை. சட்டத் திருத்தம் 2023 ஆகஸ்ட் 17-ல் நடைமுறைக்கு வந்தது. 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசிடம் போயிற்று. லித்தியம், நியோபியம் உள்ளிட்ட ஆறு கனிமங்கள் அணுக்கனிமப் பட்டியலிலிருந்து வெளியே வந்தன. அதே ஆண்டு நவம்பர் 29-ல் 20 தொகுதிகளோடு முதல் சுற்று அறிவிப்பு வந்துவிட்டது. சட்டம் வந்து நான்கு மாதம்கூட நிறையவில்லை. 2024 ஜூனில் முடிவு வந்தபோது அந்த இருபதில் ஏலம் போனவை ஆறுதான். பல தொகுதிகளில், தகுதியுள்ள மூன்று பேர்கூட முன்வரவில்லை என்பதால் ஏலத்தையே ரத்து செய்தார்கள்.

ரியாசியை நினைத்துப் பாருங்கள். 2023 பிப்ரவரியில் ஜம்மு-காஷ்மீரில் 59 லட்சம் டன் லித்தியம் வளம் என்று அறிவிப்பு வந்த நாளில் என் கைப்பேசி ஓயவே இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்கள்கூட எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்டார்கள். அது ஊகிக்கப்பட்ட வளம், ஜி-3 நிலை, களிமண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் வழி இன்னும் உறுதியாகவில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். 2022 இறுதியில் சீனச் சந்தையில் டன்னுக்கு 6 லட்சம் யுவானை நெருங்கியிருந்த லித்தியம் கார்பனேட், 2023 முடியும்போது ஏறத்தாழ 1 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. ரியாசி ஏலம் இரண்டு முறை விட்டும் கைகூடவில்லை.

8 நவம்பர்

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். சத்தீஸ்கரின் கட்கோரா லித்தியம் தொகுதி 76.05 சதவீத ஏலத்தொகைக்குப் போயிற்று. வெட்டி அனுப்பும் கனிமத்தின் மதிப்பில் அவ்வளவு பங்கு மாநில அரசுக்கு. லித்தியத்துக்கு 3 சதவீத உரிமத்தொகை தனி. இந்தச் சதவீதத்தை ஏல நாளில் சொல்லிவிட்டால் குத்தகைக் காலம் முழுவதும் அதுதான். குத்தகையோ 50 ஆண்டு. முதல் லாரி எந்த ஆண்டு ஓடும் என்று தெரியாமல், அந்த ஆண்டில் விலை என்னவாக இருக்கும் என்று தெரியாமல், இன்றே வாக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் உறவினரின் நிறுவனம் எத்தனை சதவீதம் வரை போகப் போகிறது என்று கேளுங்கள்.

9 நவம்பர், ஞாயிறு

என் கதையை எழுதத் தயங்கினேன். எழுதிவிடுகிறேன்.

2019-ல் கிழக்கு மாநிலம் ஒன்றில் ஒரு கிராஃபைட் தொகுதி ஏலத்துக்கு வந்தது. அப்போது மாநிலங்களே ஏலம் விட்டன. என் மைத்துனரும் நண்பர்கள் மூவரும் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். நான் நிலவியலாளன் என்பதால் சேர்ந்தேன், 18 லட்சம் போட்டேன். வீடு கட்டச் சேர்த்திருந்த பணம்.

ஏலத்துக்கு முன் அந்த ஊருக்குப் போனேன். பல ஆண்டுகளுக்கு முன் அரசு துளையிட்டு எடுத்த கோர் மாதிரிகள் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தன. மரப்பெட்டிகள் அடுக்கி வைத்த வரிசை. ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் வெள்ளைச் சாயத்தில் துளை எண்ணும் ஆழமும் எழுதியிருந்தார்கள். பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. காவலாளியின் கோழிகள் அந்தப் பெட்டிகளுக்கு நடுவே அடைகாத்துக்கொண்டிருந்தன. 40 மீட்டர் என்று எழுதிய பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் கோழியிடம் அனுமதி வாங்குங்கள் என்று அவர் சிரித்தார். அந்தப் பெட்டியில்தான் நல்ல கிராஃபைட் இருந்தது. விரலால் தொட்டதும் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. துண்டில் துடைத்தும் போகவில்லை. சாயங்காலம் வரை அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏலம் எங்களுக்குக் கிடைத்தது. குத்தகை தரும் எண்ணத்தைச் சொல்லும் கடிதம், நாங்கள் எல்.ஓ.ஐ. என்பது, கொஞ்ச நாளில் வந்தது. வங்கி உத்தரவாதம் கொடுத்தோம். அதற்கு ஈடாக வைப்புத்தொகையை வங்கி பிடித்துவைத்துக்கொண்டது. ஆண்டுதோறும் கமிஷன் வேறு. அதன் பிறகுதான் வனத்துறை வரைபடம் கைக்கு வந்தது. ஏல ஆவணத்தில் அரசுத் தரிசு என்று இருந்த நிலத்தில் ஏறத்தாழ பாதி, வனத்துறையின் பதிவில் காடு. இரண்டும் அரசு ஆவணம். இரண்டிலும் முத்திரை உண்டு. எது சரி என்று தீர்த்துவைக்க இரண்டு துறையும் சேர்ந்து அளக்க வேண்டும். அந்தக் கூட்டு அளவைக்கு நாள் குறித்தார்கள். ஒரு பக்கம் வந்தது, மறு பக்கம் வரவில்லை. மறுபடி குறித்தார்கள். கொரோனா வந்தது. பிறகு மாவட்ட அலுவலர் மாறினார், வந்தவர் கோப்பை முதலிலிருந்து படித்தார்.

நான்கு ஆண்டு. ஒரு துளைகூடப் போடவில்லை. 2023-ல் விலகிக்கொண்டோம். மைத்துனர் தன் லாரிகளில் இரண்டை விற்றார். எங்களை யாரும் ஏமாற்றவில்லை, யாரும் லஞ்சம் கேட்கவுமில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். "இல்லை" என்று ஒருவர் 2019-லேயே சொல்லியிருந்தால் ஏல ஆவணத்துக்குக் கட்டிய பணத்தோடு போயிருக்கும். நான்கு ஆண்டும் எல்லோரும் "ஆகிவிடும்" என்றே சொன்னார்கள்.

9 நவம்பர், இரவு

12 சதவீத வட்டியில் கணக்குப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டு வரப்போகும் 100 ரூபாய் இன்று 57 ரூபாய்க்குச் சமம். பத்தாம் ஆண்டு வருவது 32. பதினைந்தாம் ஆண்டு வருவது 18. தாமதம்தான் முதலீட்டாளரின் எதிரி.

12 நவம்பர்

மேலூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "உங்கள் 18 லட்சத்தைப் பேசுகிறீர்கள். எங்கள் கண்மாயைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?" என்கிறார். நியாயமான கேள்வி. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியைப் பற்றி எழுதாமல் இந்த இழையை நடத்த முடியாது.

தொகுதியின் பரப்பு ஏறத்தாழ 2,015 ஹெக்டேர். அதற்குள்ளே அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தின் 193 ஹெக்டேர் வருகிறது. அந்தத் தலத்தை அறிவித்தது 2022 நவம்பரில், தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள் என்று அரசின் அறிவிப்பே கணக்குச் சொல்கிறது. சமணர் படுகை, தமிழி கல்வெட்டு, குடைவரைக் கோயில், லகர் வல்லூறு. இவ்வளவும் அரசிதழில் ஏறிய பிறகு அதே இடத்தைச் சேர்த்துக் கோடு போட்டு ஏலப் பட்டியலில் வைத்தார்கள். 2024 நவம்பர் 7-ல் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தை ஏலதாரராக அறிவித்தார்கள். டிசம்பர் 9-ல் சட்டப்பேரவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. டிசம்பர் 24-ல் எல்லையை மறுபடி ஆராயும்படி நிலவியல் ஆய்வுத் துறையிடமும், எல்.ஓ.ஐ. கொடுப்பதை நிறுத்தி வைக்கும்படி மாநில அரசிடமும் சுரங்க அமைச்சகம் கேட்டுக்கொண்டது. ஜனவரி 7-ல் ஆயிரக்கணக்கானவர்கள் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரைக்கு நடந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்து.

நவம்பர் 7-லிருந்து ஜனவரி 23 வரை 77 நாள். என் கிராஃபைட் தொகுதிக்கு நான்கு ஆண்டில் கிடைக்காத பதில் அங்கே 77 நாளில் கிடைத்துவிட்டது. ஏலம் எடுத்தது பெரிய நிறுவனம். துத்தநாகமும் வெள்ளியும் வருமானம் தருகின்றன. ஒரு தொகுதி போனால் அதற்கு ஒன்றும் ஆகாது. அந்த இடத்தில் கரூர்த் தம்பி சேரப்போகும் சிறு நிறுவனம் இருந்திருந்தால்?

மாநில அரசு ஏலத்துக்கு முன்பே அந்தத் தலத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது.

13 நவம்பர்

நேற்றைய கடைசி வரி தவறு. திருத்துகிறேன். மத்திய சுரங்க அமைச்சகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட விளக்கத்தை எடுத்துப் படித்தேன். 2024 பிப்ரவரியில் மாநிலம் அனுப்பிய நில விவரத்திலேயே பல்லுயிர்த் தலம் தொகுதிக்குள் வருவது குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஏலம் வேண்டாம் என்று மாநிலம் கேட்கவில்லை என்பது அமைச்சகத்தின் வாதம். மத்திய அரசு ஏலம் விடுவதையே 2023 அக்டோபரில் எதிர்த்துக் கடிதம் எழுதினோம் என்பது மாநிலத்தின் வாதம்.

ஆக, தகவல் இருந்திருக்கிறது. தாளில் இருந்திருக்கிறது, இரண்டு அரசுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் அதைப் பார்த்து "இந்தக் கோட்டை மாற்று" என்று சொல்ல வேண்டியவர் யார் என்பது மட்டும் எங்கேயும் எழுதப்படவில்லை. எங்கள் காட்டு வரைபடத்துக்கு நேர்ந்ததும் இதுவே. எழுதும்போது கை நடுங்குகிறது.

13 நவம்பர், மாலை

இன்னொன்று. ரத்து அறிவிப்பு வந்து பன்னிரண்டாம் நாள், 2025 பிப்ரவரி 4-ல், சீனா டங்ஸ்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. "பார்த்தீர்களா, அந்தச் சுரங்கம் வேண்டும்" என்று அப்போது பலர் எழுதினார்கள். கூட்டு உரிமம் அது. ரத்தாகாமல் இருந்திருந்தாலும் பத்தாண்டுக்குள் அங்கிருந்து ஒரு கிலோ வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

15 நவம்பர்

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த சட்டப்படி, தேர்ந்தெடுத்த திட்டங்களுக்குச் சுரங்க அனுமதி 27 மாதத்துக்குள், சுத்திகரிப்பு ஆலை அனுமதி 15 மாதத்துக்குள். படிக்க நன்றாக இருக்கிறது. செர்பியாவின் யாடாரைப் பாருங்கள். ரியோ டின்டோ அங்கே லித்தியம் கண்டுபிடித்தது 2004-ல். 2022 ஜனவரியில் மக்கள் போராட்டத்தால் அரசே அனுமதியை ரத்து செய்தது. 2024 ஜூலையில் அந்த ரத்து செல்லாது என்று அரசியல்சாசன நீதிமன்றம் சொன்னது, அதே மாதம் அரசு திட்டத்தை மீட்டுக்கொடுத்தது. இந்த ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் அதை உத்திசார் திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. இந்த வாரம் ரியோ டின்டோவே வேலையை நிறுத்தி வைப்பதாகச் செய்தி வந்திருக்கிறது. 21 ஆண்டு. உலகத்தின் மிகப் பெரிய சுரங்க நிறுவனங்களுள் ஒன்றின் கதை இது.

அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் தாக்கர் கணவாய் லித்தியம் திட்டத்துக்கு ஓராண்டுக்குள் சுற்றுச்சூழல் ஆய்வை முடித்து 2021 ஜனவரி 15-ல் அனுமதி கொடுத்தார்கள். மண்வேலை தொடங்கியது 2023 மார்ச்சில். நடுவிலிருந்த இரண்டு ஆண்டும் நீதிமன்றம். அனுமதிக் கட்டத்தில் மிச்சம் பிடித்த நேரத்தை வழக்கில் செலவழித்தார்கள். ஆனால் அங்கே ஒரு நன்மை உண்டு: வழக்கு முடிந்தபோது முடிந்தது. அனுமதி நின்றது, வேலை தொடங்கியது.

16 நவம்பர்

தாமதம்தான் எதிரி என்று 9-ஆம் தேதி இரவு எழுதினேனே, அதைத் திரும்பப் பெறுகிறேன். இரவெல்லாம் யோசித்தேன். பத்து ஆண்டு ஆகும் என்று முதல் நாளே தெரிந்தால் அதற்கேற்ற விலையைக் கேட்பேன், அதற்கேற்ற பணத்தைத் தேடுவேன். வீட்டுப் பணத்தைத் தொட மாட்டேன். தென்னை வைப்பவன் ஆறு ஆண்டு காத்திருக்கிறான், கவலைப்படுவதில்லை. தேதி தெரியாமல் காத்திருப்பதுதான் ஆளைக் கொல்கிறது. "ஆகிவிடும்" என்ற ஒற்றைச் சொல் எங்களை நான்கு ஆண்டு கட்டிப்போட்டது. ஏலத்துக்கு முன்பே "இல்லை" என்று சொல்வது அரசு முதலீட்டாளருக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி. அரிட்டாபட்டிக்காரருக்கும் அதுவே உதவியாக இருந்திருக்கும். இந்த இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்சி என்று நினைத்துத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

21 நவம்பர்

கருத்துக்கேட்பு விலக்கைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். செப்டம்பர் 8-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட உத்தரவுப்படி அணுக்கனிமத் திட்டங்களுக்கும் முக்கியக் கனிமத் திட்டங்களுக்கும் மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. முதலீட்டாளருக்கு நல்ல செய்தி என்று உங்கள் உறவினர் நினைக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய 2006 அறிவிக்கையின்படி அந்தக் கூட்டத்தை நடத்தி முடிக்க 45 நாள். நடைமுறையில் கூடுதலாகும், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரு சுரங்கத்தின் ஆயுளில் அது எவ்வளவு?

பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் ஒரு குவார்ட்ஸ் சுரங்கத்துக்கு நான்தான் திட்டம் எழுதினேன். கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் அதிகாரிகள், கீழே முந்நூறு பேர், முன்வரிசையில் காவல்துறை. இரண்டு மணி நேரம் கூச்சல். அதற்குப் பிறகு ஒரு மூதாட்டி எழுந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். ஒலிவாங்கியைக் கையில் வாங்க மறுத்துவிட்டார், பக்கத்திலிருந்த பெண் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் மண் கொட்டப் போகிறோம் என்று படத்தில் பச்சை அடித்திருக்கிறீர்களே, அந்த இடத்தில் ஊற்று இருக்கிறது. மழை நின்றபிறகும் நாற்பது நாள் ஓடும். ஆடு அங்கேதான் தண்ணீர் குடிக்கும்" என்றார். நான் அந்த இடத்தை மே மாதத்தில் அளந்திருந்தேன். காய்ந்த மண்தான் பார்த்தேன். மறுநாள் அவரோடு போனேன். பாறை வெடிப்பில் பாசி படிந்த கோடு ஒன்றைக் காட்டினார். குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

மண்மேட்டை முந்நூறு மீட்டர் தள்ளினோம். செலவு கொஞ்சம் கூடிற்று. அந்தச் சுரங்கம் இன்றுவரை ஓடுகிறது, அதன்மேல் ஒரு வழக்கும் இல்லை. அந்தக் கூட்டம் இல்லையென்றால் முதல் மழைக்கே ஊற்று மூடியிருக்கும், ஊர் திரண்டிருக்கும், நாங்கள் இயந்திரங்களை வாங்கி நிறுத்திய பிறகு நின்றிருப்போம்.

குமரி மாவட்டத்தில் 1,144 ஹெக்டேர் கடற்கரை மணல் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1-ல் பத்மநாபபுரத்தில் நடக்கவிருந்த கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போயிற்று. இப்போது கூட்டமே வேண்டாம் என்றால் எதிர்ப்பு எங்கே போகும்? தெருவுக்கும் நீதிமன்றத்துக்கும் போகும். 45 நாளைச் சேமித்துவிட்டு, எப்போது வெடிக்கும் என்று தெரியாத ஒன்றை முதலீட்டாளரின் கணக்கில் ஏற்றிவிட்டார்கள்.

22 நவம்பர்

ஒருவர் திட்டியிருக்கிறார், நான் சுரங்கத்துக்கு எதிரியாம். என் சோறே அதில்தான். நம் நாட்டு மின்கலத்துக்கும் காற்றாலைக்கும் இந்தக் கனிமங்கள் வேண்டும், அதை நம் மண்ணிலேயே எடுக்க வேண்டும் என்று உளமார விரும்புகிறேன். ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களுக்குக் கட்டுப்பாடு போட்டபோது அவற்றால் செய்யும் காந்தத்துக்கு நம் வாகன ஆலைகள் தவித்ததைப் பார்த்தோம். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

24 நவம்பர்

அக்டோபரில் ஏல விதிகளில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. எல்.ஓ.ஐ. வாங்கிய நாளிலிருந்து குத்தகை எழுதும் நாள் வரை ஒவ்வொரு படிக்கும் இடைக்காலக் கெடு. தவறினால் ஏலதாரரின் உத்தரவாதத் தொகையில் பிடித்தம், முன்கூட்டி முடித்தால் சலுகை. தொகுதியை எடுத்துப் பூட்டி வைத்துக்கொள்பவர்களுக்கு இது வேண்டியதுதான். பல ஆண்டு சும்மா கிடக்கும் தொகுதிகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் கூட்டு அளவைக்கு வராத துறைக்கு என்ன கெடு? கோப்பை முதலிலிருந்து படிக்கும் புதிய அலுவலருக்கு என்ன கெடு? கடிகாரத்தை ஒருவர் கையில் மட்டும் கட்டியிருக்கிறார்கள். என் மைத்துனர் இந்த விதியைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

2 டிசம்பர்

கரூர்த் தம்பிக்கு, கேட்ட கேள்விக்கு நேரான பதில். ஏலத்துக்கு முன் அந்த நிறுவனம் மூன்று வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்திருக்கிறதா என்று கேளுங்கள்: தொகுதியின் எல்லை, வருவாய்த் துறையின் புல வரைபடம், வனத்துறையின் வரைபடம். இணையத்தில் கிடைப்பது போதாது, புலஎண் வாரியாக வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பார்த்து, பட்டா நிலம் எவ்வளவு, புறம்போக்கு எவ்வளவு, நீர்நிலை எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அந்த ஊருக்கு நேரில் போங்கள், மழைக்காலத்தில் போங்கள். தேநீர்க் கடையில் உட்காருங்கள். "இங்கே சுரங்கம் வரப்போகிறதாமே" என்று கேட்டால் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். எந்த ஆய்வறிக்கையிலும் அந்த முகம் இல்லை.

பிறகு பணத்தைப் பற்றி. ஏலத்தில் ஜெயிக்கப் பணம் இருக்கிறது, சரி. அதன்பின் ஐந்து ஆண்டு ஒரு ரூபாய் வராமல் இருந்தால் துளையிடும் ரிக்குக்கும் ஆய்வகத்துக்கும் வங்கிக் கமிஷனுக்கும் பணம் எங்கிருந்து வரும்? இதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் ஐந்து லட்சம்கூடப் போடாதீர்கள். கடன் வாங்கிப் போடுவதாக இருந்தால் இந்த இழையை மறுபடி முதலிலிருந்து படியுங்கள்.

11 டிசம்பர்

தம்பியின் கடிதம் வந்தது. மூன்று வரைபடங்களையும் கேட்டதில் உறவினருக்கு வருத்தமாம். வீட்டில் ஒரு வாரம் பேச்சில்லை. அதன்பிறகு அவரே வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். தொகுதியின் தென்மேற்கு மூலையில் ஒரு ஊருணியும், அதை ஒட்டி முப்பதுக்கு மேற்பட்ட வீட்டு மனைப் பட்டாக்களும் இருக்கின்றன. ஏல ஆவணத்தில் அந்த மூலை வெறும் மேய்ச்சல் நிலம்.

அந்த மூலையை விட்டுவிட்டு மீதி நிலத்துக்கு விலை கேட்க முடியுமா என்று தம்பி கேட்கிறார். முடியாது. கோடு போட்டவர்கள்தான் கோட்டை மாற்ற வேண்டும், ஏலத்துக்கு முன்பாக மட்டுமே அது சுலபம். ஏல முன்கூட்டத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். புலஎண்களைக் குறிப்பிட்டு, ஊருணியின் புகைப்படத்தோடு கேளுங்கள். வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள், பதில் வராவிட்டால் அதையும் குறித்து வையுங்கள். ஐந்து ஆண்டு துளையிடும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. அதையும் கேட்டு எழுதுங்கள்.